தறியும் தலைமையும்

மாறுதல் என்பது உலகத்து இயல்பு. சொல்லும் வழக்கும் காலந்தோறும் வேறுபடும் என்பதனை நன்னூலாரும் தம் நூலின் இறுதிக்கண் ஒப்புக்கொண்டே சென்றார். ஆயினும் மொழியில் நிகழும் மாறுதல் ஒருவர் கட்டளையிட நிகழ்வதன்று. பல்லாயிரவர் நாவிலும் செவியிலும் மெல்ல மெல்ல ஊறி வருவது. தொழிற்சாலை, அலுவலகம், கல்விச்சாலை முதலியவற்றில் நிகழும் மாறுதலோ அத்தகையதன்று. அது சிலர் தீர்மானிக்கப் பலர்மேல் வந்து விழுவது. பழைய பொறியை அகற்றிப் புதிய பொறியை நிறுத்துதற்குச் சில நாட்கள் போதும். அப்பொறியின் முன் நிற்கும் மனிதனுடைய கையும் மனமும் அச்சில நாட்களில் மாறிவிடுவதில்லை. இவ்விரண்டு கால அளவிற்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் பல நல்ல முயற்சிகள் வீழ்ந்து மடிகின்றன.

இதனை நாம் முதன்முதற் கண்டது எந்த நூலிலும் அன்று. இக்கல்லூரிக்கு வருமுன் நாம் தங்கியிருந்த விடுதி ஒன்றில் ஒருநாள் உணவு பரிமாறும் முறையை மாற்றினர். அதுகாறும் மாணவர் வரிசையாக அமர, பரிசாரகர் இலைதோறும் சென்று பரிமாறுவர். புதிய ஏற்பாட்டின்படி மாணவர் தட்டேந்திச் சாளரம் ஒன்றன் முன் நிற்றல் வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது; அவ்வளவே. மறுநாள் முதல் நெரிசலும் கூச்சலும் மிகுந்தன. முப்பது ஆண்டாக ஒவ்வொரு மாணவனுக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது என்றறிந்து பரிமாறிய முதியவர் ஒருவர் அச்சாளரத்தின் பின் நின்று எல்லாருடைய ஏச்சையும் ஏற்றார். ஒரு திங்கள் கழித்து அவர் தம் ஊருக்கே போய்விடத் துணிந்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அவரிடம் சென்று, "தாத்தா, இந்தக் குழப்பத்திற்கு என்னதான் வழி?" என்று கேட்டோம். "சோற்றுக்கு ஒரு சாளரம், குழம்புக்கு ஒரு சாளரம் வைத்தால் முடிந்தது, தம்பி" என்றார். "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றோம். "என்னை ஒருவரும் கேட்கவில்லையே" என்றார். பின்னர் அவ்வாறே இரண்டு சாளரங்கள் அமைந்தன, நெரிசல் நீங்கிற்று. ஆனால் அவர் அங்கே இல்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கிய பொருள் பெரிது. மாறுதற் காலத்தில் மனிதரை வழிநடத்துவது எங்ஙனம்? அங்ஙனம் வழிநடத்த வல்ல நிருவாகிகளை உருவாக்குவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிஞர் சிலர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே சென்று ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சிகளுள் அமெரிக்க நாட்டில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும், நம் நாட்டில் அகமதாபாத்து நகரத்து நெசவாலையிலும் நடந்த இரண்டினை எடுத்துக்கொண்டு, அவற்றால் பெறப்படும் உண்மையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். புதிய முறையை எதிர்க்கும் தொழிலாளியை, "சோம்பேறி" என்றும் "பழமையிற் பற்றுடையவன்" என்றும் பழித்தல் எளிது. அவன் எதனை இழக்கின்றான் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பல்லாண்டு பழகிய கைத்திறனால் அவன் ஒரு விரைவை எய்தியிருக்கின்றான். அவ்விரைவே அவனுக்குக் கூலி. வேலை மாறிய அன்றே அவ்விரைவு போய்விடுகின்றது; அவன் மீண்டும் கற்றுக்குட்டி ஆகின்றான். நேற்று வரை புதியவர் அவனிடம் வழி கேட்டனர். இன்று அவன் பிறரிடம் வழி கேட்கின்றான். உடன் நின்று உழைத்த தோழர் வேறிடங்களுக்குப் பிரிகின்றனர். கூலி, மதிப்பு, தோழமை ஆகிய மூன்றும் ஒருங்கே அசைகின்றன. அசையும் தரையில் நிற்பவன் எதையேனும் பற்றிக்கொள்ள முயலுதல் குற்றமாகுமோ?

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் கர்ட் லெவின் என்னும் உளநூற் பேரறிஞர். 1890-ம் ஆண்டிற் பிறந்த இவர் யூத மரபினர். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி தோன்றிய 1933-ம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு அமெரிக்காவிற் குடியேறினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு நேரவே, அமெரிக்கர் பெரும்பாலும் விரும்பி உண்ணாத ஈரல் அல்லாத பிற உள்ளுறுப்புகளான இதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சமைக்குமாறு இல்லத்தரசியரைத் தூண்டுவது எப்படி என்பது அரசாங்கத்தின் கவலையாயிற்று. லெவின் குழுவினர் மகளிரைப் பிரித்துச் சிலருக்கு நல்லதொரு சொற்பொழிவை நிகழ்த்தினர். ஏனையோரைத் தமக்குள் கலந்து பேசித் தாமே முடிவு செய்யுமாறு விட்டனர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டோருள் நூற்றுக்கு 3 பேரே அவ்வுணவைச் சமைத்திருந்தனர். கலந்து பேசி முடிவு செய்தோருள் நூற்றுக்கு 32 பேர் சமைத்திருந்தனர். பிறர் சொல்லக் கேட்டது காதளவில் நிற்க, தம்மவரோடு கூடித் தாம் துணிந்தது கையளவிற்கு வந்தது.

இதிலிருந்து லெவின் ஒரு கொள்கையை வகுத்து 1947-ம் ஆண்டில் வெளியிட்டார். உறைந்த பனிக்கட்டியை வேறு வடிவிற்குக் கொணர வேண்டின் முதலில் உருக்க வேண்டும். பின் புதிய அச்சில் வார்க்க வேண்டும். பின்னர் மீண்டும் உறையச் செய்ய வேண்டும். அங்ஙனமே மனிதக் கூட்டத்தின் பழக்கமும் நெகிழ்த்தல், நகர்த்தல், நிலைபெறுத்தல் என்னும் மூன்று நிலைகளிலேயே மாறும் என்பது அக்கொள்கையின் சாரம். பெரும்பாலான தலைவர் நடுவண் உள்ள ஒன்றனையே செய்கின்றனர். நெகிழ்த்தாமல் நகர்த்த முயல்வதால் உடைகின்றது. நிலைபெறுத்தாமல் விட்டு விலகுவதால் பழைய வடிவிற்கே மீள்கின்றது. இம்மூன்றாம் நிலையின் அருமையை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

நிற்க. வர்ஜீனியா மாநிலத்து மேரியன் என்னும் சிற்றூரில் ஹார்வுட் என்னும் தொழிற்சாலை இருந்தது. இரவில் உடுக்கும் பைஜாமா உடைகளைத் தைப்பது அதன் தொழில். தொழிலாளருட் பெரும்பாலோர் சுற்றுப்புற மலைநாட்டிலிருந்து வந்த இளமகளிர். செய்த உருப்படிக்குத் தக்க கூலி. சந்தையின் தேவைக்கேற்ப உடையின் அமைப்பும் செய்முறையும் அடிக்கடி மாறும், ஒவ்வொரு முறையும் தொழிலாளர் சினந்தனர், உற்பத்தி குறைந்தது, பலர் வேலையை விட்டகன்றனர். மாறுதற் காலத்துக்கெனத் தனிப்படி கொடுத்தும் பயனில்லை. அத்தொழிற்சாலையின் தலைவராகிய ஆல்ஃபிரட் மாரோ என்பவர் தாமும் உளநூல் கற்றவர். லெவினை அழைத்து அறிவுரை பெற்றவர். அத்தொடர்பின் பயனாக லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்சு என்னும் இருவர் அங்கு ஒரு சோதனை நடத்தி 1948-ம் ஆண்டில் அதனை வெளியிட்டனர்.

அவர்கள் செய்தது இது. ஏறத்தாழ ஒரே அளவினவாகிய சிறு மாறுதல்களை நான்கு குழுக்களில் மூவகையாகப் புகுத்தினர். முதற்குழுவில், உடைகளைத் தேய்த்து அடுக்கும் 18 பேர் இருந்தனர். முன்பு அட்டைமேல் அடுக்கியதை இனிப் பெட்டியில் அடுக்க வேண்டும் என்பதே மாறுதல். அவர்களைக் கூட்டி, போட்டியின் காரணமாக இது தேவை என்று விளக்கி, கேட்ட ஐயங்களுக்கு விடையும் அளித்தனர். கலந்து பேசுதல் இல்லை. இரண்டாங் குழுவில் 13 பேர். அவர்களிடம் இரண்டு உடைகளைக் காட்டினர். தோற்றத்தில் அவை ஒன்றே. ஆனால் ஒன்று 1946-ம் ஆண்டில் விற்ற விலை, மற்றொன்று 1947-ம் ஆண்டில் விற்ற விலையைப் போல இருமடங்கு. எது மலிவானது என்று அவர்களால் கண்டுகொள்ள இயலவில்லை. செலவைக் குறைத்தல் இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கிற்று. பின் அவர்கள் தம்முட் சிலரைத் தேர்ந்தனுப்ப, அச்சிலர் புதிய முறையை வகுப்பதில் பங்குகொண்டனர். மூன்றாம் நான்காம் குழுக்கள் 8 பேரும் 7 பேரும் கொண்ட சிறு குழுக்கள். அவற்றில் எல்லாருமே பங்குகொண்டனர். அவர்கள் சொன்ன யோசனைகளைக் குறித்துக்கொள்ள வந்த சுருக்கெழுத்தாளர் எழுதி மாளாது திணறினர் என்று அறிகின்றோம்.

விளைவு என்னை? முதற்குழுவின் உற்பத்தி, அளவாகக் குறிக்கப்பட்ட மணிக்கு 60 என்பதிலிருந்து 50 அளவிற்கு வீழ்ந்து அங்கேயே நின்றது. மேற்பார்வையாளரோடு பூசல் வளர்ந்தது. 40 நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டனர். சிலரை அனுப்பிய குழு இரண்டு வாரத்தில் பழைய அளவை எட்டிற்று. எல்லாரும் பங்குகொண்ட குழுக்களோ மிக விரைவில் மீண்டு, பழைய அளவினும் நூற்றுக்கு 14 பங்கு மேலே சென்றன. இம்மூன்று குழுக்களிலும் அந்நாற்பது நாளில் ஒருவரும் விலகவில்லை.

"முதற்குழுவினர் இயல்பிலேயே முரடர் போலும்" என்று ஒருவர் கூறலாம். அவ்வையத்திற்கும் அச்சோதனை விடை தந்தது. இரண்டரைத் திங்கள் கழித்து, முதற்குழுவில் எஞ்சிய 13 பேரை மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு புதிய வேலைக்கு மாற்றினர்; இம்முறை எல்லாரையும் கலந்து பேசச் செய்தனர். அதே மனிதர், அதே கைகள். அவர்கள் விரைவிற் கற்றுப் பழைய அளவைக் கடந்தனர். முரட்டுத்தனம் அவர்களிடத்து இல்லை. அவர்கள் நடத்தப்பட்ட முறையிடத்து இருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு உலகமனைத்திற்கும் விதி வகுத்தல் அறிவுடைமை ஆகாது. ஃபிரெஞ்சு முதலியோர் பின்னர் நார்வே நாட்டுக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இத்தகைய சோதனை செய்து 1960-ம் ஆண்டில் வெளியிட்டபோது, உற்பத்தியில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. தொழிற்சங்கங்கள் வேரூன்றிய அந்நாட்டில், எதனைத் தாம் முடிவு செய்வது முறை, எதனைத் தம் சங்கத்தார் வழியாகப் பேசுவது முறை என்பது பற்றித் தொழிலாளர்க்கு வேறு கருத்து இருந்தது. சிறுசிறு செய்திகளில் மட்டும் கருத்துக் கேட்பது அவர்களை அசைக்கவில்லை. எனவே கலந்து பேசுதல் என்பது எவ்விடத்தும் ஒரே வகையாகப் பயன்படும் மருந்தன்று. யாரை, எதனைக் குறித்து, எவ்வழியாகக் கேட்பது முறை என்று அவ்விடத்து மக்கள் கருதுகின்றனரோ அதனை அறிந்து கேட்டல் வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அகமதாபாத்து நகரத்துக் காலிகோ ஆலையில் 1952-ம் ஆண்டில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. சாதாரண விசைத்தறியில் நாடாவினுள் இருக்கும் ஊடைநூல் தீர்ந்தவுடன் நெய்பவர் தறியை நிறுத்திப் புதிய தாரை இடவேண்டும். தானியங்கித் தறியோ, முன்னரே நிரப்பி வைத்த தார்களிலிருந்து ஒன்றனைத் தானே எடுத்துக்கொள்ளும். எனவே ஒருவர் மிகப் பல தறிகளைக் கவனித்தல் கூடும். வேலையை நுணுக்கமாகப் பகுத்து அளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவரை நியமித்தனர். நல்ல பொறி, நல்ல கணக்கு. ஆயினும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை, துணியும் பழுதுபட்டது.

லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953-ம் ஆண்டில் அங்கு வந்து நோக்கினார். 224 தறிகளை 29 பேர் நடத்தினர். அவர்களுக்குள் 12 வகை வேலைகள். நெய்வோர் 8 பேர். ஒவ்வொருவர்க்கும் 24 அல்லது 32 தறிகள். தார் நிரப்புவோர் 5 பேர். ஒவ்வொருவர்க்கும் 40 முதல் 50 தறிகள். பல இழைகள் ஒருங்கே அறுந்த இடத்தைச் செம்மை செய்வோர் மூவர். அவர்க்கு அதனினும் மிக்க தறிகள். எண்ணெய் இடுவோர், பெருக்குவோர் முதலியோர் ஒவ்வொருவராய் 224 தறிகளையும் சுற்றிவந்தனர். இதன் பொருள் யாது? ஒரு நெசவாளியின் தறிகட்குத் தார் நிரப்புவோர் ஒருவரினும் குறைந்த ஒரு பின்னம்; செம்மை செய்வோர் அதனினும் சிறிய பின்னம். "என் தறி நின்றது, வா" என்று அவர் அழைத்தால், வரவேண்டியவர் அதேபொழுதில் வேறு இருவர்க்கும் கடமைப்பட்டவர். இன்னார் இன்னாரோடு சேர்ந்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 29 பேர் ஓரிடத்தில் இருந்தனர். ஒரு குழுவாக இல்லை.

ரைஸ் கூறிய யோசனை எளியது. தறிகளை 64, 64 ஆகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு குழுவினிடம் முழுவதும் ஒப்படைத்தல் வேண்டும். அக்குழுவிற்கு வேண்டிய எல்லா வேலைகளையும் அதன் உறுப்பினரே தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம்; குழுவிற்குத் தலைவர் ஒருவர் இருப்பார். இக்கருத்தை நிருவாகத்தார் மேற்பார்வையாளரோடும் தொழிலாளரோடும் பேசியவுடன் நிகழ்ந்தது வியக்கத்தக்கது. நிருவாகத்தார் பட்டியல் எழுதி முடிப்பதற்குள் தொழிலாளர் தாமே கூடி, "இன்னாரோடு இன்னார்" என்று குழு அமைத்துக்கொண்டனர். முழுதும் நில்லாது ஓடினால் நெய்யத்தக்க அளவை 100 என்று கொண்டால், முன்பு ஏறத்தாழ 80 ஆக இருந்த நெசவு, புதிய ஏற்பாடு நிலைபெற்றபின் ஏறத்தாழ 95 ஆயிற்று. பழுதுபட்ட துணி நூற்றுக்கு ஏறத்தாழ 32 என்பதிலிருந்து 20 ஆகக் குறைந்தது. தறி மாறவில்லை, மனிதரும் மாறவில்லை, அவர் கூடிநின்ற வகையே மாறிற்று.

மேரியனிலும் அகமதாபாத்திலும் நிகழ்ந்தவற்றை ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மனிதர் மாறுதலை வெறுப்பதில்லை. தம்மை ஒதுக்கிவிட்டு வரும் மாறுதலையே வெறுக்கின்றனர். இஃது உண்மையாயின், மாறுதற் காலத்து நிருவாகியின் கடமை எல்லாவற்றையும் தாமே வகுத்து ஆணையிடுவதன்று. எல்லையை வகுத்துக் கொடுத்து, அவ்வெல்லைக்குள் பிறர் வகுத்துக்கொள்ள இடந்தருவதே ஆகும்.

எல்லை என்றது என்னை? மேரியனில், "செலவு குறைய வேண்டுமா?" என்பதைத் தொழிலாளரிடம் வாக்கெடுப்பிற்கு விடவில்லை. அது சந்தையின் நெருக்கத்தால் நேர்ந்தது. அதனை நிருவாகத்தார் ஒளியாது காட்டினர். "எவ்வாறு குறைப்பது?" என்பதே தொழிலாளர்க்கு விடப்பட்டது. அகமதாபாத்தில் தானியங்கித் தறி வேண்டுமா வேண்டாவா என்பது கேள்வியன்று. அதனை எங்ஙனம் கூடி இயக்குவது என்பதே கேள்வி. எது முடிந்த முடிபு, எது இன்னும் திறந்துள்ளது என்பதை முதலிலேயே நேர்மையாகக் கூறுதல் தலைவரின் முதற்கடன். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுப் பெயரளவில் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பது வஞ்சனை. அதனைத் தொழிலாளர் முதற்கூட்டத்திலேயே கண்டுகொள்வர். அதன்பின் உண்மையாகவே கேட்டாலும் வாய் திறவார்.

இன்னும் ஒன்று. புதிய பொறியால் பலர் வேலை இழக்க நேரிடுமாயின், கலந்து பேசுதல் ஒன்றே அவ்விழப்பைத் துடைத்துவிடாது. அங்கே வேண்டுவது மாற்றுவேலையும், பயிற்சியும், கூலிக்கு உறுதியும். பசிக்குச் சோறிடாமல் பந்தியில் அமரச்செய்து உபசரித்தல் போல ஆகும், வேலைக்கு உறுதியளியாமல் யோசனை கேட்பது.

அகமதாபாத்தில் மிகவும் மாறவேண்டியவர் தொழிலாளரல்லர். அவர்க்கு மேலிருந்த மேற்பார்வையாளரும் நிருவாகிகளுமே. முன்பு அவர்கள் தொழில், "நீ இதைச் செய், நீ அதைச் செய்" என்று 29 பேரைத் தனித்தனியே ஏவுவது. குழுக்கள் தாமே வேலையைப் பகிர்ந்துகொண்டபின் அவ்வேவலுக்கு இடமில்லை. அவர் செய்யவேண்டியது வேறு: நல்ல நூல் காலத்தில் வருகின்றதா, உதிரியுறுப்புகள் கிடைக்கின்றனவா, புதிதாக வருவோர்க்குப் பயிற்சி உண்டா, குழுவைச் சிதைக்கும் இடையூறு வெளியிலிருந்து வருகின்றதா என்று காத்தல். உள்ளே கைவைத்துப் பழகியவர் எல்லையில் நின்று காவல் செய்யக் கற்றல் எளிதன்று. வாளாவிருத்தல் வேறு, கையை அடக்கி விழித்திருத்தல் வேறு. பின்னதே நிருவாகி கற்கவேண்டிய கலை.

அக்கலையைக் கற்பிப்பது எங்ஙனம்? சொற்பொழிவால் இல்லத்தரசியர் மாறவில்லையெனின், சொற்பொழிவால் நிருவாகிகள் மட்டும் மாறுவரோ? இதற்கும் லெவின் வாழ்க்கையில் ஒரு சான்று உண்டு. 1946-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்தில், இனங்களுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் பணியாளர்க்கென அவர் ஒரு பயிற்சிக்கூட்டம் நடத்தினார். பகலில் பயில்வோர் கலந்து பேசுவர். இரவில் ஆராய்ச்சியாளர் தனியே கூடி, "இன்னார் இன்ன பொழுதில் இவ்வாறு நடந்தார்" என்று தம் குறிப்புகளை ஒப்பிடுவர். பயில்வோருட் சிலர் தாமும் அதனைக் கேட்க விரும்பினர். லெவின் இசைந்தார். தம் நடத்தையைப் பிறர் கண்டவாறு கேட்டபோது அவர்கள் திடுக்கிட்டனர், மறுத்தனர், பின் சிந்தித்தனர். பகல் முழுவதும் கேட்ட பாடத்தினும் அவ்விரவுகளே அவர்கட்கு மிகுதியும் கற்பித்தன. 1947-ம் ஆண்டின் தொடக்கத்தில் லெவின் காலமானார். எனினும் அவ்வாண்டே மெய்ன் மாநிலத்துப் பெத்தேல் என்னும் ஊரில் அவர்தம் துணைவர் இம்முறையிற் பயிற்சி தொடங்கினர். பின்னாளில் நிருவாகிகளைப் பயிற்றும் முறைகள் பலவும் இதன் வழிவந்தன. தன்னைத் தானறிதல் தலைமையின் முதற்பாடம். அதனைப் பிறர் கண்ணாகிய கண்ணாடியிலன்றிக் காண்டல் அரிது.

இது நிற்க. முன்னர்க் குறித்த மூன்றாம் நிலையாகிய நிலைபெறுத்தலுக்கு வருவோம். அகமதாபாத்தின் வெற்றி எத்தனைநாள் நின்றது? 1970-ம் ஆண்டில் எரிக் மில்லர் என்னும் அறிஞர் அவ்வாலைக்கு மீண்டும் சென்று ஆராய்ந்து, 1975-ம் ஆண்டில் தாம் கண்டதை வெளியிட்டார். ஒரு நெசவுக்கூடத்தில், பதினாறு ஆண்டு கழிந்தும் குழுமுறையும் உற்பத்தியும் ஏறக்குறைய மாறாமல் நின்றன. மற்றொரு கூடத்திலோ குழுமுறை பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது. ஒரே ஆலை, ஒரே கொள்கை, இருவேறு முடிவு. குழுவின் உள்ளமைப்பு எவ்வளவு நன்றாயினும், அதனைச் சூழ்ந்த நிலைமைகளை நிருவாகத்தார் இடையறாது காவாவிடின் அது தேயும் என்பதே மில்லரின் ஆராய்ச்சியால் நாம் கொள்ளத்தகும் பாடம். ஒருமுறை வென்றது என்றைக்கும் வென்றதாகாது. அவ்வாலைதானும் 1990-களில் நின்றுபோயிற்று. அதற்குப் பெருந்தொழில் உலகின் வேறு காரணங்கள் பல. ஆயினும் அத்தறிக்கூடங்கள் கற்பித்த பாடம் நிற்கின்றது.

தமிழ் பயிலும் நமக்கு ஈண்டு ஓர் எண்ணம் எழுகின்றது. திருவள்ளுவர் பொருட்பாலில் அரசனுக்குக் கூறிய அதிகாரங்களின் வைப்புமுறை கருதத்தக்கது. 51-ம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை. ஒருவரை ஆராய்ந்து நம்புதல் முதலாவது. நம்பியவரிடம் அவர்க்கு இயன்ற வினையை ஒப்படைத்தல் இரண்டாவது. சூழ்ந்தாரைத் தழுவிக்கொள்ளுதல் மூன்றாவது. இவையெல்லாம் கைகூடிய மகிழ்ச்சியில் கடமையை மறந்துவிடாமை நான்காவது. வள்ளுவர் தறிக்கூடத்திற்கு விதி வகுத்தார் என்று கூறுவோமல்லேம். அவர் காலம் வேறு, கருத்து வேறு. ஆனால் பிறரைக்கொண்டு வினைமுடிக்கும் எவருக்கும் இந்நான்கும் இவ்வரிசையில் வேண்டும் என்பதனை மேரியனும் அகமதாபாத்தும் தெளிவாக்குகின்றன. நம்பாதவர் ஒப்படைக்கமாட்டார். ஒப்படைத்தும் கூட்டத்தைச் சிதைத்தவர் 29 பேரை ஓரிடத்து வைத்தும் தனியராக்கினார். எல்லாம் செய்தும் மறந்தவர் 1970-ம் ஆண்டின் அவ்வெறுங்கூடத்தைக் கண்டார்.

நம்முள் பலர் சில ஆண்டுகளில் ஒரு பள்ளிக்கோ, வங்கிக் கிளைக்கோ, அலுவலகப் பிரிவிற்கோ, ஆலையின் ஒரு பகுதிக்கோ தலைவராக அமர்வோம். புதிய கணிப்பொறியோ, புதிய பாடத்திட்டமோ, புதிய விதியோ நம் கையெழுத்தோடு பலர்மேற் சென்று விழும். அந்நாளில் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. இம்மாறுதலால் இவர் இழப்பது யாது என்று எண்ணினோமா? எது முடிந்தது, எது திறந்துள்ளது என்று மெய்யாகச் சொன்னோமா? இவ்வேலையை நாள்தோறும் செய்பவரை, முடிவு எழுதுமுன் கேட்டோமா?

மூன்றாம் வினாவை எழுதும்போது, மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்முதியவர் முகமே நம் கண்முன் நிற்கின்றது. இரண்டு சாளரம் என்பது பெரிய மதிநுட்பம் அன்று. முப்பது ஆண்டு பரிமாறிய கைக்கு முதல்நாளே தெரிந்த செய்தி. அதனை அறிய ஒரு வினாடி போதும். ஒரு வினா போதும். அவ்வினாவைக் கேட்க நமக்கும் ஒரு திங்கள் ஆயிற்று. நாமும் அதுவரை அச்சாளரத்தின் முன் நின்று அவரை ஏசினவர்களே. பிறர் குற்றம் கூறி இக்கட்டுரையை முடிக்க நமக்கு உரிமையில்லை. நாளை நம் ஆணையின் பின் நிற்பவர், மூட்டை கட்டுமுன்னரே, "என்னைக் கேட்டார்கள்" என்று சொல்லுமாறு நடப்போமாயின், இன்று கற்ற கல்வி பயன்பட்டதாகும்.